நிபந்தனையைத் தொலைத்த எண்கள்: மாத்தளையின் திட்ட அறிக்கைகள் சொல்லும் வரலாறு

மாத்தளை மாவட்டத்தின் உக்குவளையில் மலையைக் குடைந்து வெளியே வரும் தண்ணீர் அந்த மண்ணுக்குச் சொந்தமானதன்று. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே இங்கு திருப்பப்படுகிறது. 40 மெகாவாட் மின்நிலையத்தைச் சுழற்றிய பின் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு கலந்து, போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கே ஒரு பங்கு இன்னொரு சுரங்கத்தால் கலாவெவவின் வயல்களுக்குப் போகிறது. மற்றப் பங்கு எலஹெர வழியாகக் கிழக்கே இறங்குகிறது. 1976இல் இந்த நீர் ஓடத் தொடங்குமுன் பல ஆண்டுகள் அது காகிதத்தில் ஓடியது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால் இதே மாவட்டத்துக்கு வந்த புகையிரதமும், நாற்பது ஆண்டுகள் பிந்தி எழுந்த மொரகஹகந்த அணையும் அப்படியே: முதலில் அறிக்கை, பிறகு மதிப்பீடு, பிறகு ஒப்பந்தம், கடைசியில் மண்வெட்டி. ஒரு திட்ட முன்மொழிவு எதனால் நம்பத்தக்கதாகிறது என்று கேட்பவருக்கு மாத்தளையைவிட நல்ல சான்றுப் பெட்டகம் இலங்கையில் அரிது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான். நிபுணர்களின் பெயர்கள் அட்டையில் இருப்பதாலோ, நடை சீராக இருப்பதாலோ முன்மொழிவு உறுதி பெறுவதில்லை. வெவ்வேறு நிபுணர்கள் தந்த எண்களை ஒரே அடிப்படையில் நிறுத்தி, ஒவ்வொரு எண்ணோடும் அதன் நிபந்தனையையும் சேர்த்து எழுதும் பொறுப்பை யாராவது ஏற்றபோது மட்டுமே அது உறுதி பெற்றிருக்கிறது.

முதற் சான்று கோப்பிக் காலத்தியது. 1830களின் பிற்பகுதியிலிருந்து மத்திய மலைநாட்டின் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. மாத்தளைப் பகுதி அவற்றுள் முந்தியவற்றில் ஒன்று. விளைந்த கோப்பி கொழும்புத் துறைமுகத்துக்கு மாட்டு வண்டியில் போக வேண்டும். தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் அதே பாதையில் ஏற வேண்டும். மழைக்காலத்தில் வண்டி நின்றால் பயிர் களஞ்சியத்தில் கிடந்து கெடும். ஆகவே புகையிரதம் தோட்ட முதலாளிகளின் முதற் கோரிக்கையாயிற்று. 1845இல், குடியேற்றச் செயலாளராக இருந்த பிலிப் அன்ஸ்ட்ரதர் தலைமையில் இலங்கைப் புகையிரதக் கம்பனி தோன்றியது; 1854இல் கண்டியில் உருவான தோட்டக்காரர் சங்கம் அந்தக் கோரிக்கைக்கு நிறுவன பலம் கொடுத்தது. இப்படி எழுந்த முன்மொழிவின் இயல்பு கவனிக்கத்தக்கது. அதன் வரவுப் பக்கத்தை எழுதியவர்கள் தோட்டக்காரர்கள்: எத்தனை அந்தர் கோப்பி இறங்கும், எவ்வளவு அரிசி ஏறும், வண்டிக் கூலியில் எவ்வளவு மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. செலவுப் பக்கத்தை எழுதியவர்கள் பொறியியலாளர்கள்: எத்தனை மைல், எவ்வளவு ஏற்றம், எத்தனை பாலம், எத்தனை சுரங்கம். இரு பக்கத்தாரும் தத்தம் துறையில் கெட்டிக்காரர்களே. ஆனால் ஒருவர் பக்கத்தை மற்றவர் சோதிக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. கோப்பி விலை ஏறும்போதெல்லாம் வரவுப் பக்கம் பெருத்தது. மலையின் பாறையோ விலைக்கேற்ப இளகவில்லை.

1857இல் கப்டன் மூர்சம் என்ற பொறியியலாளர் தீவுக்கு அனுப்பப்பட்டார். கம்பனியின் பழைய அளவைகளைச் சரிபார்த்து, கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை போட எவ்வளவு பிடிக்கும் என்று சொல்வது அவர் வேலை. அந்த அறிக்கையை இகழ்ந்து தள்ள முடியாது. அது ஒரே வழியைத் தூக்கிப் பிடிக்காமல் பல மாற்றுப் பாதைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டது; ஏற்றத்தின் சரிவையும் சுரங்கத்தின் நீளத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து ஒன்றைப் பரிந்துரைத்தது. தெரிவுக்குக் காரணம் சொல்வது நல்ல முன்மொழிவின் முதற் கடமை. மூர்சம் அதைச் செய்தார். ஆனால் அறிக்கையிலிருந்து வெளியே நடந்து போனது அந்த ஒப்பீடு அன்று, ஒரு தொகை: 8,56,557 பவுண். ஒற்றைப் பவுண் வரை கணித்த அந்தத் தொகை, அறியாதவர் கண்ணுக்கு எண்ணிப் பார்த்த பணம் போலத் தோன்றும். உண்மையில் அது பெருக்கல்களின் கூட்டுத்தொகை. இத்தனை கன யார் மண்வேலை, அதற்கு இந்த வீதம். இத்தனை அடி பாறை, அதற்கு இந்த வீதம். இத்தனை கூலியாட்கள், அவர்களுக்கு இந்த நாட்கூலி. ஒவ்வொரு வீதத்தின் பின்னும் ஓர் ஊகம் நிற்கிறது: பாறை இவ்வளவு கடினம், மழை இவ்வளவு நாள், ஆட்கள் இவ்வளவு பேர் கிடைப்பர். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் துல்லியமாக இருப்பதால் இந்த ஊகங்கள் துல்லியமாகிவிடுவதில்லை. தொகை மட்டும் கடிதங்களிலும் கூட்டங்களிலும் சட்டசபையிலும் சுற்றியபோது ஊகங்கள் அறிக்கையோடு அலமாரியில் தங்கிவிட்டன.

விளைவு வெகு விரைவில் தெரிந்தது. 1858இல் ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கி வைத்தார். கம்பனியின் தலைமைப் பொறியியலாளராக வந்த டொயின் வேலையிடத்தைப் பார்த்து மறுமதிப்பீடு செய்தபோது, தேவைப்படும் பணம் மூர்சம் சொன்னதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று கண்டார். முதலீட்டுக்கு வட்டி உத்தரவாதம் கொடுத்திருந்தது அரசு. செலவு கூடினால் சுமை பொதுமக்கள் வரிப்பணத்தின் தலையில். 1861இல் ஒப்பந்தம் முறிக்கப்பட்டு, கம்பனியின் முதல் திருப்பிக் கொடுக்கப்பட்டு, பாதை அரசின் கைக்கு வந்தது. பின்னர் கில்போர்ட் மோல்ஸ்வேர்த் தலைமைப் பொறியியலாளரானார். பேவியல் என்ற ஒப்பந்தக்காரரின் கேள்விமனு ஏற்கப்பட்டது. 1863இல் மீண்டும் தொடங்கிய வேலை 1867இல் கண்டியை எட்டியது. இரு பொறியியலாளரில் யார் சரி என்ற விவாதம் நீண்ட காலம் நடந்திருக்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி, இருவரும் ஒரே பொருளைத்தான் மதிப்பிட்டார்களா என்பது. தண்டவாளமும் எஞ்சினும் நிலையக் கட்டடமும் காணி நட்டஈடும் கட்டுமான கால வட்டியும் உள்ளே உண்டா, வெளியேயா என்று எழுதாத இரு தொகைகளை ஒப்பிட்டுப் பயனில்லை. கேள்விமனு முறை கொண்டுவந்த மாற்றம் இந்த இடத்தில்தான். வரைபடமும் வேலை அளவும் ஒரே தாளில் நின்றன. விலை சொன்னவர் தன் பணத்தையே பிணையாக வைத்தார். எண்ணைச் சொல்பவரும் அதன் விளைவைச் சுமப்பவரும் ஒருவராகியதும் எழுத்தில் தெளிவு தானாக வந்தது.

மாத்தளைக்கு அந்தப் பாதை நீண்டது 1880இல். அந்த ஆண்டை வரலாறு கேலிக்காகவே தேர்ந்ததோ என்று தோன்றும். 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி ஏறத்தாழ 10 லட்சம் அந்தர். அதற்குச் சற்று முன்னரே, 1869இல், இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகப் படரும் ஒரு நோய் கவனிக்கப்பட்டுவிட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த துவைட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணவியலாளர் பெர்க்லி அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். மாத்தளைப் பாதை திறந்த அதே 1880இல்தான் மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் இந்த நோயை ஆராய அரசால் அழைக்கப்பட்டு வந்தார். காற்றில் பறக்கும் வித்திகளால் நோய் பரவுவதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டதே அதற்கு வழிவிட்டதையும் 1882க்குள் அவர் எழுதிவிட்டார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோப்பி பெருந்தொழில் என்ற நிலையை இழந்தது. கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையிலான பாதையை நியாயப்படுத்தியது கோப்பி. பாதை வந்தபோது கோப்பி நோயாளி. தாவரவியலாளரின் அறிவும் புகையிரதப் பொறியியலாளரின் அறிவும் பேராதனையை ஒட்டிய சில மைல் தூரத்துக்குள்ளேயே இருந்தன. வரவுப் பக்கத்தில் எழுதிய அந்தர்க் கணக்கின் பின்னால், இந்தப் பயிர் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்ற ஒரு கேள்வி நின்றிருக்க வேண்டும். அந்தக் கேள்வி பொறியியலாளருக்கோ வணிகருக்கோ உரியதன்று. இருவரையும் அருகருகே உட்கார வைத்து எழுதுபவருக்கு உரியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நடந்து முடிந்ததைப் பார்த்துவிட்டு, அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்பது சுலபம். 1870களில் நோய் முழுத் தொழிலையும் கொல்லும் என்று உறுதியாகச் சொன்னவர் எத்தனை பேர்? இந்த மறுப்பில் நியாயம் உண்டு. விலை உயர்ந்துகொண்டிருந்ததால் விளைச்சல் குறைந்தபோதும் வருமானம் தாங்கியது. புதிய காடுகள் வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. மோசமான ஒரு பருவத்தைத் தொடர்ந்து ஓரளவு நல்ல பருவமும் வந்தது. ஆனால் முன்மொழிவு எழுதுபவரிடம் எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இந்தத் தொகை கோப்பி இந்த அளவில் விளையும்வரை மட்டுமே செல்லும், அது பாதியாகக் குறைந்தால் பாதை எப்படிப் பிழைக்கும் என்ற ஒரு வரியைத்தான் கேட்கிறோம். நிபந்தனையோடு எழுதிய எண் தவறினாலும் பயன்படும், ஏனெனில் எந்த இடத்தில் தவறியது என்பது தெரியும். நிபந்தனையற்ற எண் தவறினால் முழு ஆவணமும் செத்துவிடும். மாத்தளைப் பாதை பிழைத்தது உண்மை. கொக்கோவும் தேயிலையும் பின்னர் இறப்பரும் மிளகும் அதைச் சுமந்தன. அது மாவட்டத்தின் மண்ணும் மக்களும் தந்த வரம். கணக்கெழுதியவரின் கெட்டித்தனத்தில் அதைச் சேர்க்க முடியாது.

அந்தக் கணக்குகளில் இன்னொரு பெரிய ஓட்டையும் உண்டு. தமிழ் வாசகர் அதைக் கடந்து போக இயலாது. கோப்பித் தோட்டத்தின் உழைப்பு தென்னிந்தியாவிலிருந்து வந்தது. தலைமன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வடக்குப் பாதை வழியே, நீரற்ற காடுகளைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளையை வந்தடைவர். மலைநாட்டுத் தோட்டங்களின் வடக்கு வாசல் மாத்தளை. காலராவும் அம்மையும் காய்ச்சலும் அந்தப் பாதையில் எத்தனையோ பேரைத் தின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அந்தப் போக்குவரத்து நடந்தது. மதிப்பீட்டில் இவர்கள் ஒரு வீதமாக மட்டும் இடம் பெற்றார்கள்: ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு. ஆள் வருவாரா, எந்த மாதத்தில் வருவார், வந்தவர் எத்தனை நாள் உடல்நலத்தோடு வேலை செய்வார், ஊரில் மழை பெய்தால் வராமல் விடுவாரா என்பவற்றை அறிந்தவர் கங்காணி. தன் கிராமத்திலிருந்தே ஆள் திரட்டி, முற்பணம் கொடுத்து, வழிநடத்தி, தோட்டத்தில் பெயரெடுத்து வந்தவர் அவர். இந்த மனிதர் தன் கூட்டத்தின் மீது நடத்திய சுரண்டலை மறைக்க வேண்டியதில்லை. கடன் சுமையை நீட்டித்துக்கொண்டே போனதில் அவர் பங்கு பெரிது. இருந்தும் உழைப்புப் பற்றிய தொழில்நுட்ப அறிவு அவரிடம்தான் இருந்தது. கடுகண்ணாவ ஏற்றத்தில் பாறை உடைத்தவர்களிடையே நோயும் சாவும் மலிந்தபோது, பொறியியலாளரின் வீதங்கள் எதன்மேல் நின்றன என்பது வெளிப்பட்டது. பட்டம் பெற்றவரை மட்டும் நிபுணர் என்று எண்ணி எழுதும் அறிக்கை, தான் எதை அறியவில்லை என்பதையே அறியாது.

இரண்டாவது சான்று ஒரு நூற்றாண்டு தள்ளி வருகிறது. 1965 முதல் 1968 வரை ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு சேர்ந்து மகாவலிப் பெருந்திட்டத்தை எழுதின. ஏறத்தாழ 9 லட்சம் ஏக்கருக்கு நீர், அதில் 6.5 லட்சம் ஏக்கர் புதிதாகத் திறக்க வேண்டிய நிலம். சுமார் 500 மெகாவாட் மின்சாரம். முடிக்க 30 ஆண்டுகள். நீரியலாளர், மண்ணியலாளர், புவியியலாளர், அணைப் பொறியியலாளர், மின் பொறியியலாளர், பயிர் வல்லுநர், பொருளியலாளர் எனப் பலர் எழுதிய அத்தியாயங்கள் அதில் அடங்கின. மூர்சத்தின் அறிக்கையோடு இதை வைத்துப் பார்த்தால் பெரிய முன்னேற்றம் தெரியும். ஆற்றில் ஓடும் நீர் ஒரே அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டு எல்லா அத்தியாயங்களுக்கும் பகிரப்பட்டது. ஓர் ஏக்கர் நெல்லுக்கு எவ்வளவு நீர் என்பது ஒரு முறை தீர்மானிக்கப்பட்டால், கால்வாயின் அகலமும் அணையின் உயரமும் குடியேற்றக்காரரின் எண்ணிக்கையும் அதைப் பின்பற்றும். நிபுணர்கள் பலர், அடிப்படை ஒன்று என்ற ஒழுங்கு இப்படித்தான் அமைகிறது. அதற்கு விலையும் உண்டு. அந்த ஒரு அடிப்படை பிசகினால் எல்லாமே பிசகும். நிலத்துக்கு நீர் வந்த பிறகு வயல்கள் திட்டமிட்டதைவிடக் கூடுதலாகவே நீரை எடுத்தன. மண்ணின் கசிவு, கால்வாய் இழப்பு, உழவர் உழவு தொடங்கும் நாள் ஆகிய எல்லாம் காகிதத்து ஏக்கர் அடியைத் தாண்டின.

இந்தப் பெருந்திட்டத்தின் மிக நுட்பமான முடிச்சு மாத்தளையின் வாசலிலேயே விழுந்தது. பொல்கொல்லையில் திருப்பப்படும் ஒவ்வொரு கன மீட்டரும் உக்குவளையில் ஒருமுறை மின்சாரம் தந்து, பின் வடக்கின் வயலுக்குப் போகும். திருப்பாமல் விட்டால் அதே நீர் மகாவலியிலேயே இறங்கி விக்டோரியாவிலும் அதன் கீழுள்ள நிலையங்களிலும் மின்சாரம் தரும். விக்டோரியாவில் நீர் விழும் உயரம் உக்குவளையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். 1985இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் திறன் 210 மெகாவாட். ஆகவே மின் பொறியியலாளரின் அத்தியாயத்துக்கு நீர் கிழக்கே ஓடுவது இலாபம். நீர்ப்பாசனப் பொறியியலாளரின் அத்தியாயத்துக்கு அது வடக்கே திரும்புவது இலாபம். இருவரும் ஒரே நீரைத் தத்தம் கணக்கில் முழுதாக வரவு வைத்தால், இரு அத்தியாயங்களும் தனித்தனியே சரி, ஆவணம் மொத்தமாகப் பொய். சீரான முன்மொழிவு என்பதன் கடினமான பொருள் இதுதான். எழுத்துருவையும் தலைப்பு அமைப்பையும் ஒன்றாக்குவது எழுதுவினைஞர் செய்யும் வேலை. ஒரே தண்ணீரை இருமுறை எண்ணாமல் காப்பது ஆசிரியர் செய்ய வேண்டியது. பொல்கொல்லையில் ஆண்டுக்குத் திருப்பும் நீருக்குச் சுமார் 87.5 கோடி கன மீட்டர் என்று ஒரு கொள்கை வரம்பு ஏற்பட்டது இந்த முரணை எழுத்தில் ஏற்றுக்கொண்டதன் அடையாளம். யாருக்கும் முழுத் திருப்தி தராத எண் அது. ஆனால் எல்லோரும் தங்கள் கணக்கைத் தொடங்கக்கூடிய எண்.

1977இல் ஆட்சிக்கு வந்த அரசு 30 ஆண்டு வேலையை 6 ஆண்டுக்குள் சுருக்கியது. துரித மகாவலித் திட்டம் என்று அது பெயர் பெற்றது. காலம் என்ற ஒரே எண்ணை மாற்றினால் மற்றவை அப்படியே நிற்கும் என்று எண்ணுபவர்கள், இணைந்த ஆவணம் எப்படி இயங்குகிறது என்பதை அறியாதவர்கள். காலம் சுருங்கினால் பணம் ஒரே நேரத்தில் வேண்டும். பணம் வேண்டுமானால் வெளிநாட்டு உதவி வேண்டும். உதவி தரும் நாடு தனக்குப் பிடித்த அணையைத் தேர்ந்தெடுக்கும். விக்டோரியாவைப் பிரித்தானியாவும், கொத்மலையைச் சுவீடனும், ரந்தெனிகலையை ஜேர்மனியும், மாதுறு ஓயாவைக் கனடாவும் ஏற்றன. 1979இல் நெடெக்கோ என்ற நெதர்லாந்து ஆலோசனை நிறுவனம் நடைமுறை உத்தி அறிக்கையைத் தந்து, எதை முதலில் செய்வது என்பதை மீண்டும் அலசியது. மாத்தளை மாவட்டத்தின் மொரகஹகந்த, பெருந்திட்டத்தில் இடம்பெற்றிருந்தும், இந்தச் சுற்றில் கட்டப்படவில்லை. அந்தக் காலத்திலேயே ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைகா அதற்குத் தனியே சாத்தியவள அறிக்கை எழுதியிருந்தது. மின்சாரம் அதிகம் தரும் அணைகளின் வருமானம் கணக்கில் பளிச்செனத் தெரியும். உலர்வலயத்துக் குளங்களுக்குப் பருவந்தோறும் நீரை நம்பகமாக்கும் அணையின் வருமானம் ஆயிரக்கணக்கான வயல்களில் சிதறிக் கிடக்கும். ஒரே நாணயத்தில் அளக்க முடியாத பயன்களை ஒரே பத்தியில் கூட்டும்போது, அளக்கச் சுலபமானதே வெல்லும்.

மொரகஹகந்தக் கட்டுமானம் 2007இல் தொடங்கி வைக்கப்பட்டு, 2017இல் நீர் நிரப்பப்பட்டு, 2018இல் திறக்கப்பட்டது. கொள்ளளவு 52 கோடி கன மீட்டருக்குச் சற்று மேல். மின் திறனோ 25 மெகாவாட்தான். பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. நாற்பது ஆண்டு இடைவெளியில் அணை இருக்க வேண்டிய இடம் மாறவில்லை. அதை ஏன் கட்ட வேண்டும் என்ற பக்கம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் புதிய குடியேற்ற நிலம். பிறகு ஏற்கெனவே உள்ள வயல்களின் இரு போகத்துக்கும் உறுதியான நீர். அதன் பிறகு குடிநீர். 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் தெரியவந்த சிறுநீரக நோய் குடிநீரின் வாதத்துக்குப் புதிய கனம் கொடுத்தது. இப்போது மருத்துவரும் நிபுணர் வரிசையில் சேர்ந்தார். ஒவ்வொரு முறையும் புதிய பக்கம் சேர்ந்தது. பழைய பக்கங்களில் அதற்கேற்ற திருத்தம் ஏற்பட்டதா என்பதே சோதனை. குடிநீருக்கு ஒதுக்கும் நீர் வயலுக்கு ஒதுக்கிய நீரிலிருந்து கழிக்கப்பட வேண்டும். லக்கல பல்லேகம என்ற பழைய ஊர், மொரகஹகந்தவோடு இணைந்த களுகங்கை நீர்த்தேக்கத்துக்கு இடம்விட்டு நகர்ந்தது. அங்கிருந்து இடம் மாறியவர்களின் புதிய வயல்களுக்கு வேண்டிய நீரும் இதே கணக்கில் கழிய வேண்டும். நன்மைகளைக் கூட்டும் கை செலவுகளையும் கூட்ட மறந்தால், முன்மொழிவு விளம்பரமாகிவிடும்.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். அணைகளையும் பாதைகளையும் தீர்மானிப்பது அரசியல். அறிக்கை எவ்வளவு சீராக இருந்தாலும் ஆட்சியாளர் விரும்பியதே நடக்கும். ஆகவே எழுத்தின் ஒழுங்கைப் பற்றி இவ்வளவு பேசுவது வீண். துரித மகாவலியே இந்த வாதத்துக்குச் சாட்சியாகத் தோன்றும். ஆனால் அந்த உதாரணத்தையே கூர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். பெருந்திட்டம் எழுதப்பட்டிருக்காவிட்டால், 1977இல் எதைச் சுருக்குவது, எதை விடுவது என்று விவாதிக்கவே வழி இருந்திராது. ஆறு ஆண்டு என்ற அரசியல் முடிவுக்கு எதிரே முப்பது ஆண்டு என்ற கணக்கு நின்றதால்தான், இழந்தது என்ன என்பதை இன்றும் அளவிட முடிகிறது. கைவிடப்பட்ட மொரகஹகந்த நாற்பது ஆண்டு கழித்து மீண்டும் உயிர் பெற்றதும் அந்த ஆவணங்கள் பழுதின்றிக் கிடந்ததால்தான். அரசியல் ஒரு முன்மொழிவைப் புறக்கணிக்கலாம். நிபந்தனையோடு எழுதிய முன்மொழிவைப் புறக்கணித்ததற்கு அது கணக்குச் சொல்ல வேண்டி வரும். 1861இல் அரசு கம்பனியை விட்டு விலக முடிந்ததும், இரண்டு பொறியியலாளரின் எண்கள் எதிரெதிரே எழுத்தில் நின்றதால்தான்.

மூன்றாவது மறுப்பு இதன் எதிர்த் திசையிலிருந்து வரும். எல்லா நிபுணரையும் ஒரே அடிப்படைக்குக் கட்டினால் மாற்றுக் கருத்து நசுங்காதா? ஒற்றைக் குரலில் பேசும் ஆவணம் ஒற்றைப் பிழையையும் எளிதாக மறைக்குமே. இதற்கு மகாவலி அமைப்பின் உள்ளேயே பதில் இருக்கிறது. போகத்துக்குப் போகம் நீரைப் பகிர்வதற்கான பருவகால இயக்கத் திட்டம் ஒன்று எழுதப்படுகிறது. மகாவலி அதிகாரசபையின் நீர் முகாமைத்துவச் செயலகம் அதைத் தயாரிக்க, நீர்ப்பாசனத் திணைக்களம், மின்சாரத் துறை, விவசாயத் துறை, மாவட்ட நிருவாகம் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் கூடும் குழு அதைத் தீர்மானிக்கிறது. பெரும்போகத்துக்கு முன் ஒன்று, சிறுபோகத்துக்கு முன் ஒன்று. அதில் முதலில் வருவது இன்றைய நீர்மட்டம். பின் எதிர்பார்க்கும் வரத்து. மழை சராசரியாக இருந்தால் என்ன, குறைந்தால் என்ன என்ற மாற்றுக் கணக்கு. அதன் பிறகே பொல்கொல்லையில் எவ்வளவு திருப்புவது, எந்தப் பிரதேசத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற முடிவு. மின்சாரத் தரப்பும் விவசாயத் தரப்பும் இங்கே சண்டையிடுகின்றன. ஆனால் சண்டை நடப்பது ஒரே நீரட்டவணையின் மேல். கருத்து வேறுபாட்டை அமுக்காமல், அது எந்த இடத்தில் வேறுபடுகிறது என்பதை எல்லோருக்கும் தெரியும்படி காட்டுவதே சீர்மையின் பயன். ஒரு போகத்தில் கணக்குத் தவறினால் அடுத்த போகத்தின் தாளில் திருத்தம் வந்துவிடுகிறது. ஒரே முறை எழுதி முப்பது ஆண்டுக்கு முத்திரையிட்ட அறிக்கையைவிட, இப்படி அடிக்கடி திருத்தி எழுதும் சிறு ஆவணம் உண்மைக்கு அருகில் நிற்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து எழுத்துத் தொழிலுக்கு ஒரு பாடம் தேறுகிறது. மாத்தளையில் இன்றும் முன்மொழிவுகள் எழுதப்படுகின்றன: பிரதேச சபையின் குடிநீர்த் திட்டத்துக்கு, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை ஒட்டிய குளிரூட்டிக் களஞ்சியத்துக்கு, மிளகும் கொக்கோவும் பதப்படுத்தும் சிறு நிறுவனங்களின் வங்கிக் கடனுக்கு. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமே மாத்தளையில் இருப்பதால் பயிர் வல்லுநர் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறார். பெரும்பாலும் நடப்பது, அவர் அனுப்பிய பத்தியை அப்படியே நடுவில் ஒட்டி, முன்னும் பின்னும் வணிக மொழியைப் பூசிவிடுவதே. அதன் பின் ஒரு பக்கத்தில் விளைச்சல் காய்ந்த மிளகில் நிற்கும், இன்னொரு பக்கத்தில் பச்சை மிளகில். விலை கடந்த ஆண்டுக்குரியது, கூலி இந்த ஆண்டுக்குரியது. எழுதுபவர் நிபுணரைவிட அறிவாளியாக இருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்பவராக இருந்தால் போதும்: எந்த அலகில், எந்த ஆண்டில், எது நடந்தால் இது செல்லாது? வந்த பதிலை எண்ணுக்குப் பக்கத்திலேயே, அடிக்குறிப்பில் ஒளிக்காமல் எழுத வேண்டும். மூர்சத்தின் கூட்டுத்தொகையைக் கையில் எடுத்தவர்கள் கேட்காமல் விட்ட கேள்விகளும், போகந்தோறும் நீர்ப் பங்கீட்டுக் குழு கேட்டுப் பழகிய கேள்விகளும் இவைதான். அந்தக் கேள்விகளால் முன்மொழிவு நீளும், தாமதமாகும், படிப்பவருக்கு அதன் கவர்ச்சியும் சற்றுக் குறையும். பணம் போடுபவரும் நிலம் கொடுப்பவரும் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து கையெழுத்திட அதைவிட மலிவான வழி கிடையாது.